கடலடியில் இருந்து சட்டென்று மேலே வந்துவிட்டால்

நாம் கிணற்றில் நீச்சல் பழகிய ஆட்கள். பம்புசெட் கிணறோ குறுக்குத்துறைப் படித்துறையோ, முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: முங்கும்போது மூச்சைப் பிடி, மேலே வந்ததும் விடு. ஐந்து வயதில் உடம்பில் ஏறிய அந்தப் பழக்கம் சாகும்வரை போகாது. ஆனால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கும்போது அதே பழக்கம் ஆளைக் கொன்றுவிடும். அது எப்படி என்று புரிந்துகொண்டால், கடலடியில் இருந்து கட்டுப்பாடு இல்லாமல் மேலே வந்துவிட்ட ஒருவர் அடுத்த பத்து நிமிடத்திலும் அடுத்த ஒரு நாளிலும் என்ன செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதும் புரிந்துவிடும்.

தரையில் நம்மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் இரண்டு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. நம் கடற்கரையில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள், ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி, அப்படியென்றால் ஐந்தரைப் பாகத்துக்கு ஒரு வளிமண்டலம் கூடுகிறது. கிணற்றில் முங்குகிறவர் மேலே இழுத்த காற்றையே உள்ளே கொண்டுபோகிறார். கீழே போகப் போக அது சுருங்கும், மேலே வர வரப் பழைய அளவுக்குத் திரும்பும், அதைத் தாண்டாது. அதனால் அவருக்கு மூச்சைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. சிலிண்டர் கட்டி இறங்குகிற ஸ்கூபாவில் அப்படி இல்லை. 10 மீட்டர் ஆழத்தில், சிலிண்டரில் இருந்து காற்றைத் தர வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் வழியாக வருவது அந்த ஆழத்து அழுத்தத்தில் உள்ள காற்று. அதை நெஞ்சு நிறைய இழுத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். விரிகிற காற்றுக்கு நுரையீரலில் இடம் ஏது? கிழிந்துவிடும். கிழிசல் வழியாகக் காற்று ரத்தக்குழாய்க்குள் போய், இதயம் வழியாக மூளைக்கு ஏறினால் ஆள் மேலே வந்த சில நிமிடங்களுக்குள் மயங்கி விழலாம். இதற்குப் பெரிய ஆழம் வேண்டியதில்லை. நெஞ்சு நிறைய காற்றைப் பிடித்திருந்தால் ஒன்றரை மீட்டரில் இருந்து எழும்பினாலே போதும், நீச்சல் குளத்திலேயே நடந்திருக்கிறது. இன்னொன்று, 30-ல் இருந்து 20-க்கு வருவதைவிட 10-ல் இருந்து மேலே வருகிற அந்தக் கடைசி நீளம்தான் மோசம், காற்று அங்கேதான் இரண்டு மடங்காகிறது. "கொஞ்ச ஆழம்தானே" என்கிற நினைப்பு எவ்வளவு தப்பு என்று பாருங்கள்.

இது முதல் ஆபத்து. இரண்டாவது மெதுவாக வரும். அதற்கு ஒரு கோலி சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியிருக்கிற பாட்டிலில் ஒரு குமிழி தெரியாது, வெறும் தண்ணீர் மாதிரி நிற்கும். உள்ளே வாயு இல்லாமலா? நிறைய இருக்கிறது, அழுத்தத்தில் கரைந்து கிடக்கிறது. கட்டை விரலை வைத்துக் கோலியை ஒரே அழுத்தாக அழுத்தினால் புஸ் என்று பொங்கிக் கை நனையும். விரலைத் தளர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டால் பொங்காது. கடலடியில் மூச்சு விடும்போது நம் ரத்தத்திலும் சதையிலும் நைட்ரஜன் இப்படித்தான் கரைந்து சேர்கிறது, ஆழமும் நேரமும் கூடக் கூட அதிகமாகச் சேரும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியே போய்விடும். பயிற்சியில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வா என்று சொல்வது இதற்காகத்தான். விருட்டென்று வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழி விடும். மூட்டில், தோலில், காதின் உள்பக்கத்தில், தண்டுவடத்தில், எங்கே வேண்டுமானாலும். நுரையீரல் கிழிந்ததன் விளைவு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். இந்தக் குமிழி நோய் அப்படி இல்லை. மேலே வந்து ஒரு மணி நேரம் கழித்து, ஆறு மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூடத் தலைகாட்டும். படகில் ஏறியதும் நன்றாக இருக்கிறேன் என்று தோன்றுவதை நம்ப முடியாமல் போவது இதனால்தான்.

என் கதைக்கு வருகிறேன். மணப்பாட்டுக்குத் தெற்கே, 14 மீட்டரில், ஏறக்குறைய 35 நிமிடம் உள்ளே இருந்துவிட்டேன். உடம்பு மிதந்துவிடாமல் இருக்க இடுப்பில் கட்டும் எடைப் பட்டையான வெயிட் பெல்ட்டின் கொக்கியை நான் சரியாகப் பூட்டவில்லை. பாறை இடுக்கில் ஒரு சிங்கி இறாலைக் குனிந்து பார்த்தேன், பெல்ட் இடுப்பில் இருந்து நழுவி மணலில் விழுந்தது, கை நீட்டுவதற்குள் உடம்பு மேலே கிளம்பிவிட்டது. சிலிண்டரில் காற்றுத் தீரத் தீர அதுவும் இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகிவிடும், கடைசிப் பத்து நிமிடத்தில் ஆளைத் தூக்குவது எளிது. மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்றை ஏற்றி இறக்குகிற ஜாக்கெட்டில் இருந்த கொஞ்சக் காற்றும் விரிந்து விரிந்து இன்னும் வேகம் கொடுத்தது. நான் செய்த ஒரே நல்ல காரியம் ரெகுலேட்டரைக் கடித்தபடி "ஆஆ" என்று காற்றை விட்டுக்கொண்டே வந்தது. அரை நிமிடத்துக்குள் வெளிச்சத்தில் இருந்தேன். உடம்பில் ஒரு வலி இல்லை. முதலில் வந்த எண்ணம் என்ன தெரியுமா, இறங்கிப் பெல்ட்டை எடுத்துவிட்டு, விட்டுப்போன அந்த மூன்று நிமிடத்தையும் 5 மீட்டரில் நின்றுவிட்டு வரலாம் என்பது.

வள்ளத்தில் இருந்து பெரியப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஏலே, இறங்காத! பெல்ட்டு கெடக்கட்டும், நீ வா இங்க!"

பெரியப்பா வாலிபத்தில் சங்கு குளிக்கப் போனவர். கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கிய காலம் அவருக்கு முந்தைய காலம், இவர்கள் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார்கள். குழாயோ சிலிண்டரோ, உடம்புக்குள் போவது அழுத்தக் காற்றுதான், கணக்கில் மாற்றம் இல்லை. ஒருநாள் கம்ப்ரசர் நின்றுபோய் மேலே பாய்ந்து வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், படுத்தார். இடது கால் மரத்திருந்தது, சம்மணம் போட்டு உட்கார்ந்ததால் என்று நினைத்துக்கொண்டார். விடிந்தபோது மூத்திரம் போக முடியவில்லை. அந்தக் கால் இன்றைக்கும் மணலில் கோடு இழுத்துக்கொண்டுதான் வருகிறது. தண்டுவடத்தில் குமிழி அடைத்தால் இப்படித்தான் நடக்கும், முதலில் மரத்துப்போவதும் மூத்திரம் அடைப்பதுமாக. நான் இதை எழுதுவதற்குக் காரணமும் அந்தக் கால்தான்.

சரி, இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். தண்ணீருக்கு மேல் வந்ததும் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி மிதப்பை உறுதி செய்யுங்கள், ஏறாவிட்டால் வாயால் ஊதுங்கள், இடுப்பில் எடை இன்னும் இருந்தால் அவிழ்த்துப் போடுங்கள். படகுக்குக் கையைக் காட்டுங்கள். கடல் அலையடித்தால் ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். நீந்திப் படகைப் பிடிக்கப் போகாதீர்கள், படகு உங்களிடம் வரட்டும். உடம்பை வருத்துவது குமிழி உண்டாவதைக் கூட்டும். கூட இறங்கியவர் உங்களைப் பிடிக்க அதே வேகத்தில் மேலே வந்திருந்தால் அவரும் உங்களைப் போலவே ஆபத்தில் இருக்கிறார், அவருக்கும் எல்லாம் செய்யவேண்டும். உண்மையில் அவர் துரத்தி வரக்கூடாது, தன் வேகத்தில் வரவேண்டும்.

திரும்பக் கீழே இறங்காதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் அனுபவம் உள்ளவர்களே "கொஞ்ச ஆழம் இறங்கி நின்னா வலி விட்டுரும்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இறங்கினால் அழுத்தத்தில் குமிழி சுருங்கி வலி குறைவது மாதிரி இருக்கும், அது பொய்யில்லை. ஆனால் அங்கே மூச்சு விடுவதும் சாதாரணக் காற்றைத்தான், இன்னும் நைட்ரஜன் ஏறும். நுரையீரல் கிழிந்திருந்தால் மறுபடி மேலே வருவது அந்தக் கிழிசலை இன்னும் பெரிதாக்கலாம். நடுவில் மயங்கினால் முங்கிச் செத்துப்போவார். கடற்படையிலும், வழக்கமான எல்லையைத் தாண்டி ஆழத்துக்குப் போகிற டெக்னிக்கல் டைவிங்கிலும் இதற்குத் தனி முறைகள் உண்டு, அது அதற்கென்று பழகிய ஆட்களும் ஆக்சிஜனும் முழுமுக மாஸ்க்கும் வைத்துக்கொண்டு செய்வது. விடுமுறைக்கு டைவிங் போகிற நமக்கு அது இல்லை.

படகில் ஏற்றியதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். காலைத் தூக்கி வைக்கச் சொல்வது பழைய முறை, இப்போது அப்படிச் செய்வதில்லை, தட்டையாகப் படுப்பதுதான் சரி. மயக்கமாக இருந்து மூச்சு வந்துகொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் புரையேறாது. மூச்சு இல்லையென்றால் உடனே மூச்சு ஊதி மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கவேண்டும், மற்றதெல்லாம் பிறகு. உடுப்பு ஈரமாக இருந்தால் மாற்றிப் போர்த்துங்கள். வெந்நீரில் குளிப்பாட்டுவது, எண்ணெய் தேய்த்துக் கால் அமுக்கிவிடுவது, இதெல்லாம் நம் வீடுகளில் அன்பாகச் செய்கிற காரியம், ஆனால் அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

அப்புறம் ஆக்சிஜன். இதைவிடப் பெரிய முதலுதவி வேறு இல்லை. நூறு சதவீத ஆக்சிஜனை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் நைட்ரஜன் இல்லாமல் போகிறது, அதனால் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் வேகமாக வெளியே இழுக்கப்படுகிறது, குமிழி சிறுக்கிறது, ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. பை வைத்த மாஸ்க்கை மூக்கும் வாயும் மூட இறுக்கமாகப் போட்டு நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிடவேண்டும். மூக்கில் சொருகும் மெல்லிய குழாய் இதற்குப் போதாது. 15 லிட்டர் என்றால் 1500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் 100 நிமிடம்தான் வரும், ஆகவே கடலுக்குக் கிளம்பும் முன்னாலேயே கரைக்கு வர எவ்வளவு நேரம், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுச் சிலிண்டரை ஏற்றுங்கள். இன்னொரு விஷயம், டீசலும் கிரீஸும் பட்ட கையோடு ஆக்சிஜன் வால்வைத் தொடாதீர்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்க விடாதீர்கள், தீப்பிடிக்கும். முதுகில் கட்டிப்போன டைவிங் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது நாம் இங்கே மூச்சு விடுகிற அதே காற்று, 21 சதவீதம்தான் ஆக்சிஜன். அதைக் கொடுப்பதில் பயன் இல்லை.

ஆள் நினைவோடு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாராய வகை எதுவும் கூடாது, வலி மாத்திரையை டாக்டர் பார்க்கும்முன் கொடுக்கவேண்டாம், வலி மறைந்தால் அடையாளமும் மறைந்துபோகும்.

பெரியப்பா என்னைப் படுக்கப் போட்டு மாஸ்க்கை மாட்டியபோது நான், "பெரியப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்," என்றேன். "நானும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னேன், பேசாமப் படு," என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

இப்போது என்ன பார்க்கவேண்டும் என்பது. நெஞ்சு வலி, இருமல், துப்பினால் ரத்த நுரை, குரல் மாறுவது, கழுத்துத் தோலை விரலால் அமுக்கினால் பொரிப் பொட்டலத்தை அமுக்குவது போல நெரநெரவென்பது, இதெல்லாம் நுரையீரல் பக்கத்து அடையாளங்கள். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பார்வை மங்குவது, வலிப்பு, மயக்கம் என்றால் மூளைக்குக் காற்று போயிருக்கலாம், ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். தோள், முழங்கை, முழங்காலில் ஆழமான வலி, தோலில் அரிப்பும் நீலமும் சிவப்புமாக வலைபோன்ற தடிப்பும், கை கால் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, தலைசுற்றல், காரணமே இல்லாத அசதி, மூத்திரம் அடைப்பது, இவை குமிழி நோயின் அடையாளங்கள். அசதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், வெயிலில் படகில் கிடந்தது என்று சொல்லிக்கொள்கிறோம்.

சும்மா "எப்படி இருக்கு" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், ஆகவே செய்யச் சொல்லிப் பாருங்கள். பெயரையும் கிழமையையும் சொல்லச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள், உங்கள் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பிடித்து அழுத்தச் சொல்லுங்கள், விரலைக் கண்ணால் தொடரச் சொல்லுங்கள், இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் தொட்டு ஒன்றுபோல உணர்கிறாரா என்று கேளுங்கள். இடமும் வலமும் வித்தியாசப்படுகிறதா என்பதுதான் முக்கியம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள், ஒவ்வொன்றையும் மணியோடு எழுதுங்கள்.

எந்த அடையாளம் தெரிந்தாலும் 108-க்குப் பேசிவிடுங்கள், நடுக்கடலில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554. ஆக்சிஜன் போட்டதும் வலி போய்விட்டது என்று ஆஸ்பத்திரிப் பயணத்தை நிறுத்தாதீர்கள், மாஸ்க்கை எடுத்தபிறகு திரும்பி வரலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கோ போனதும் முதல் வாக்கியமாக, கடலடியில் அழுத்தக் காற்றைச் சுவாசித்தேன், இத்தனை மீட்டர், இத்தனை நிமிடம், இத்தனை மணிக்கு வேகமாக மேலே வந்தேன் என்று சொல்லுங்கள். கை வலி, தலைசுற்றல் என்று மட்டும் சொன்னால் டாக்டர் வேறு நோயைத்தான் தேடுவார், அவர்மேல் குற்றம் இல்லை. டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், ஆழமும் வேகமும் அதில் பதிந்திருக்கும். வலிக்கு முகர்வதற்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயு இந்த நோயாளிக்குக் கூடவே கூடாது, குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கிவிடும், அதையும் நினைவூட்டுங்கள். உலகம் முழுக்க டைவிங் விபத்துக்கு ஆலோசனை சொல்ல டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, எந்த நேரமும் டைவிங் தெரிந்த டாக்டரோடு பேசலாம், நம் டாக்டரையும் அவர்களோடு பேசவைக்கலாம். அந்த நம்பரை முன்கூட்டியே போனில் போட்டு வையுங்கள்.

உண்மையான வைத்தியம் அழுத்த அறை, சேம்பர் என்பார்கள். ஆளை உள்ளே வைத்து, 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் கொடுத்து ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, பிறகு மணிக்கணக்காக மெதுவாக அழுத்தத்தைக் குறைப்பார்கள். வழக்கமான முதல் சுற்றே ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. புண் ஆற வைக்க ஆக்சிஜன் அறை வைத்திருக்கிற எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்ய முடியாது, ஆகவே எந்த ஊரில் எந்த அறை டைவிங் நோயாளியை எடுத்துக்கொள்ளும் என்பதை டைவிங்குக்குப் பதிவு செய்யும் அன்றே சொல்லிக்கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரோடு இறங்காதீர்கள். மேற்கே கூட்டிப்போக வேண்டியிருந்தால் மலை ஏறாத பாதையாகப் பாருங்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போகிற சாலை தாழ்வாகத்தான் போகிறது. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கோலியை மறுபடி அழுத்தியது மாதிரிதான்.

இதே காரணத்தால் ஒரு அடையாளமும் இல்லாதவரும் தூத்துக்குடி வாகைக்குளத்தில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போய்விடக்கூடாது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 2400 மீட்டர் மலை உச்சியில் இருப்பது போல இறங்கலாம். ஒழுங்காக முடிந்த ஒற்றை டைவுக்கே 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள், வேகமாக மேலே வந்திருந்தால் நான் 24 மணி நேரத்துக்குக் குறையவிடமாட்டேன். மறுநாள் மாஞ்சோலை, கொடைக்கானல் என்று திட்டம் போட்டிருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். கடலுக்குத் திரும்புவதும் அப்படியே: அடையாளமே இல்லையென்றாலும் ஒரு முழு நாள் தண்ணீர்ப் பக்கம் வேண்டாம், அடையாளம் இருந்தால் டைவிங் தெரிந்த டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். தனியாகத் தூங்கவும் வேண்டாம், அன்று இரவு ஒருவர் கூட இருக்கவேண்டும்.

எனக்குப் பெரியம்மா இருந்தாள். நாள்காட்டியில் இருந்து அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பென்சிலால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என்னை எழுப்பி எழுதிக்கொண்டே இருந்தாள். அந்தத் தாள் இன்னும் என் டைவிங் நோட்டுக்குள் இருக்கிறது. கடைசி வரி இப்படி: காலை 6 மணி. மூத்திரம் போனான். இரண்டு கையும் ஒண்ணுபோல அமுக்கினான். நேராக நடந்தான். இட்லி கேட்டான்.